பார்சிலோனாத் தண்ணீர்

லூர்து என்று சொல்ல நான் முன்பே யோசித்து வைத்திருக்கவில்லை. எங்கே போகிறாய் என்று அக்கா கேட்டாள். என் வாயில் அதுதான் வந்தது.

அது ஜூன் மாதம். அக்கா பேர்ளிக்கு மூன்றாவது கீமோ முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அவளும் றெமிஜியஸ் அத்தானும் பரிஸ் நகரத்தில், மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்குப் பக்கத்தில், மின்தூக்கி இல்லாத ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அத்தானுக்கு உணவகத்தில் பின்னேர வேலை. நான் தனியாள், சென் தெனியில் ஓர் அறையில் இருக்கிறேன். காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்ததும் நேரே அக்காவிடம் போவேன். அத்தான் புறப்பட, நான் உள்ளே வருவேன். சமைத்து, அவளைக் குளிக்க வார்த்து, ஆஸ்பத்திரிக் கடிதங்களை வாசித்துச் சொல்லிவிட்டுத் திரும்புவேன். மார்ச்சிலிருந்து ஒரு நாள்கூடத் தவறவில்லை.

என்னோடு வேலை செய்யும் றொஷானிதான் பார்சிலோனாக் கதையைத் தொடங்கினாள். அவளோடு போக இருந்த ஒருத்திக்கு லீவு கிடைக்கவில்லை. ரயிலில் ஓர் இருக்கையும் ஹொட்டேலில் ஒரு கட்டிலும் சும்மா இருந்தன.

"வெள்ளி போய் ஞாயிறு வாறது. கடல், வெயில், சாப்பாடு. ஒருக்கா கண்ணாடியில உன்ரை மூஞ்சையைப் பாரன். வருத்தம் அக்காவுக்கோ தங்கச்சிக்கோ எண்டு சனம் என்னட்டைக் கேக்குது," என்றாள்.

நான் ஓம் என்றேன். அன்று முழுக்கச் சட்டி கழுவும்போதும் பாட்டு முணுமுணுத்தேன். சந்தோசம்.

பார்சிலோனா என்று சொல்லியிருந்தால் அக்கா தடுத்திருக்க மாட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் இருந்தபடியே, "போட்டு வா பிள்ளை" என்று அவள் சொன்னால் என்னால் போயிருக்க முடியாது. நான் போக விரும்பினேன். ஆகவே, "றொஷானியோட லூர்துக்குப் போட்டு வாறன் அக்கா" என்றேன்.

அக்காவின் முகம் மாறியதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அவள் எழுந்தாள். அலுமாரியைத் திறந்து, மாதா உருவத்தில் செய்த அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலை எடுத்து வந்தாள். நீல நிறக் கிரீடம்தான் அதன் மூடி. முன்பொரு யாத்திரையில் வாங்கியது, வெறுமையாக இருந்தது.

"இதில மாதாவின்ரை ஊத்துத் தண்ணி நிறைச்சுக்கொண்டு வா. எனக்காகக் கேட்டு நிறை. சும்மா பிடிக்காதை."

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அத்தான் வாசலில் நின்று சொன்னார்: "கிரீடத்தை வடிவா முறுக்கிப் பூட்டு பிள்ளை. போனமுறை என்ரை சூட்கேசுக்க மாதா அழுதுபோட்டா. நாலு சேட்டும் நனைஞ்சது."

அக்கா சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தாள். போத்தல் என் கைக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ரயிலில் றொஷானிக்கு அதைக் காட்டினேன். "உனக்கு என்ன விசரோ?" என்றாள். பிறகு தேற்றினாள். எங்கள் சனம் இருக்கும் லா சப்பலில் எந்தக் கத்தோலிக்க வீட்டிலும் ஒரு போத்தல் லூர்துத் தண்ணீர் இருக்கும், திரும்பி வந்து யாரிடமாவது வாங்கலாம் என்றாள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் யாரிடம் கேட்பது? கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஞாயிறு பூசை முடிவதற்குள் அது அக்காவின் காதுக்கு வந்துவிடும். பிரான்சின் எல்லை தாண்டும்வரை அந்த வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்து, ஒவ்வொன்றாக விட்டேன்.

பார்சிலோனாவில் ஒருவரும் எங்கேயும் அவசரமாகப் போகவில்லை. தெருவெல்லாம் மேசைகள். பொழுதுபடும் நேரத்தில் தாத்தாமாரும் கைக்குழந்தைகளும் ஒன்றாக வெளியே இருந்தார்கள். நானும் பரிஸ் நகரத்தில் சத்தத்துக்குள்தான் வாழ்கிறேன். ஆனால் அது வேலைக்கு ஓடுகிறவர்களின் சத்தம். இது வேறு. எனக்கு அன்று இறாலும் சோறும் தட்டையான சட்டியோடு வந்தது. நான் சட்டியைச் சுரண்டிச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை கடலுக்குப் போனோம். நான் மன்னாரில், கடலுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு தெரு மட்டும் இருந்த இடத்தில் வளர்ந்தவள். ஆனாலும் அந்தக் கடலில் இறங்கியவர்கள் ஆண்கள்தான். எனக்கும் அக்காவுக்கும் கரை மட்டும்தான். ஐம்பத்திரண்டு வயதில், கறுப்பு லெக்கின்ஸும் றொஷானியின் நீளமான டீ-சேர்ட்டும் போட்டுக்கொண்டு, முதல்முறையாகக் கழுத்தளவு கடலுக்குள் நின்றேன். தண்ணீர் என்னைத் தூக்கித் தூக்கி வைத்தது.

"எடி, காணும், திரும்பி வா! நீ தாண்டு போனா ஸ்பெயின் பொலிசோட ஆர் கதைக்கிறது?" என்று றொஷானி கத்தினாள்.

கரைக்கு வந்து துவாயால் முகத்தைத் துடைத்தபோதுதான், காலையிலிருந்து அக்காவை ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது தெரிந்தது. தெரிந்த பிறகும் மறுபடி இறங்கினேன். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அக்காவிடம் மற்றதெல்லாம் சொன்ன நாளிலும் இதைச் சொல்லவில்லை.

மத்தியானம் அவள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள், முகம் பார்த்துக் கதைக்கும் அழைப்பில். அதை நிறுத்திவிட்டுச் சாதாரண அழைப்பில் எடுத்தேன்.

"மாதா தோன்றின கெபியைக் காட்டன் பிள்ளை. ஒருக்காப் பாப்பம்."

"இஞ்சை கெபிக்குக் கிட்ட போனில படம் காட்ட விடமாட்டினம் அக்கா."

"அதென்ன மேளச் சத்தம்?"

எங்களுக்குப் பின்னால் நாலைந்து இளைஞர்கள் பெரிய மேளங்களை வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். "இத்தாலியில இருந்து ஒரு யாத்திரைக் கூட்டம். மாதாவுக்குப் பாட்டு," என்றேன்.

"நல்ல பக்தியான சனம்," என்றாள் அக்கா. "எனக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து. பெருசா."

றொஷானி துவாயை வாய்க்குள் அடைத்துக்கொண்டு மணலில் உருண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

ஞாயிறு காலை ஹொட்டேலுக்குப் பக்கத்தில் ஒரு கோவிலைத் தேடிப் போனேன். அங்கேயாவது மந்திரித்த தீர்த்தம் எடுக்கலாம் என்று நினைத்தேன். வாசலில் இருந்த கல் தொட்டி காய்ந்து கிடந்தது. உள்ளே பூசை தொடங்கியிருந்தது. கேட்பதற்கு எனக்கு அந்த மொழி தெரியாது. ரயிலுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. அறைக்குத் திரும்பிக் குளியலறைக் குழாயைத் திறந்து போத்தலைப் பிடித்தேன். எனக்காகக் கேட்டு நிறை என்று அக்கா சொன்னது நினைவு வந்தது. ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லப் பார்த்தேன். பாதியில், நான் என்ன செய்கிறேன் என்று வெட்கம் வந்து நிறுத்திவிட்டேன்.

"உதுக்கு ஏன் முகத்தைத் தூக்கிறாய்?" என்றாள் றொஷானி. "மாதா ஸ்பெயினுக்கு விசா எடுத்தோ வரவேணும்?"

ரயில் பரிஸ் நகரத்தை நெருங்கும்போது அத்தானிடமிருந்து செய்தி வந்தது. அன்று அவருக்கு லீவு. என் பையைத் தூக்க மொம்பர்னாஸ் நிலையத்துக்கு வந்து நிற்கிறாராம். லூர்து ரயில் வருவது அங்கே. பார்சிலோனா ரயில் வந்து நிற்பது நகரத்தின் மறுபக்கம், கார் து லியோனில். நான் இறங்கி ஓடினேன். பதினாலாம் இலக்க மெட்ரோவில் ஏறி, ஷாத்லேயில் மாறி, மொம்பர்னாசில் படிகளில் ஏறிப் பின்பக்கமாகப் போய், வந்து நின்ற ஏதோ ஒரு ரயிலின் சனத்தோடு கலந்து வெளியே வந்தேன். அத்தான் சட்டைப் பொக்கற்றில் சீப்போடு, பூசைக்குப் போகிறவர்போல வெளிக்கிட்டு வந்து நின்றார். பையை வாங்க முதல், "மாதா எங்க?" என்று கேட்டார். போத்தலைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி முத்தமிட்டார். வீடு வரும்வரை மெட்ரோவில் மடியில் வைத்திருந்தார்.

அக்கா கிரீடத்தைத் திறந்து, அதில் ஊற்றி, சிலுவை போட்டுக்கொண்டு குடித்தாள்.

"இந்தமுறைத் தண்ணி நீச்சல்குளம் மாதிரி மணக்குது."

"கனசனம் வாற காலம். மருந்து ஏதும் போடுவாங்கள்," என்றேன்.

அதன் பிறகு நாளுக்கு ஒரு மூடி. கீமோவுக்குப் போகும்போது போத்தலைக் கைப்பையில் கொண்டுபோவாள். பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்ற வரும் மரி-லூயிஸ் என்ற பாண்டிச்சேரி அம்மாவுக்கும் ஒரு மூடி. "மெர்சி மதாம், நீங்க நல்லா இருக்கணும். எனக்கும் இப்படி ஒரு தங்கச்சி இருந்தா!" என்று அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டுச் சொல்வாள். நான் கோப்பி எடுத்துவரப் போகிறேன் என்று எழுந்துவிடுவேன்.

ஓகஸ்டில் அக்காவுக்கு நோ, அந்த விலா வலி, குறைந்தது. மாடியில் ஒரு மூச்சில் ஏறினாள். மருந்தின் வேலை என்று எனக்குத் தெரியும். அவளும் அத்தானும் அப்படி நினைக்கவில்லை.

செப்டெம்பரில் ஸ்கானைப் பார்த்த மருத்துவர், கட்டி மறுபடி வளர்கிறது, வேறொரு கீமோவை உடனே தொடங்க வேண்டும் என்றார். நான் தமிழில் சொன்னேன். அக்கா இல்லை என்று தலையாட்டினாள்.

"வேண்டாம் எண்டு சொல்லு. எனக்கு நோ இல்லை. மாதா பாத்துக்கொண்டிருக்கிறா. புது வருசம் வரைக்கும் பொறுத்துப் பாப்பம்."

அத்தானும், "அவளுக்கு நம்பிக்கை இருக்கு, ஏன் பிள்ளை கெடுப்பான்?" என்றார்.

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மருத்துவரிடம், "யோசித்துச் சொல்கிறார்களாம்" என்று மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு நாளும் மெட்ரோவில் வரும்போது இன்று சொல்வேன் என்று நினைப்பேன். கதவைத் திறந்ததும், "வந்திட்டியா பிள்ளை" என்பாள். சாப்பாடு, குளிப்பு, மருந்து. பிறகு திரும்பிவிடுவேன். இப்படி மூன்று கிழமை போனது.

ஒரு புதன்கிழமை மருந்துக்கடையிலிருந்து திரும்பி வரும்போது ரூ பஜோலில், நூலகத்துக்கு முன்னால் இருக்கும் வாங்கில் அக்கா இளைப்பாற இருந்தாள். அவள் கை விலாவை அழுத்திக்கொண்டிருந்தது. நோ திரும்பிவிட்டது, அவள் சொல்லவில்லை.

"அக்கா, நான் லூர்துக்குப் போகேல்லை."

"எப்ப?"

"ஜூனில. நானும் றொஷானியும் பார்சிலோனாவுக்குப் போனனாங்கள். அது ஹொட்டேல் பைப்புத் தண்ணி."

எதிரே பிள்ளைகள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பந்து உருண்டு எங்கள் காலடிக்கு வந்தது. அக்கா அதைக் காலால் தள்ளிவிட்டாள்.

"அப்ப எனக்கு நோ குறைஞ்சது?"

"கீமோவாலதான் அக்கா. அதுக்குத்தான் சொல்லுறன். புதுக் கீமோவை எடு. தயவுசெய்து எடு."

திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

"கடல் கிட்டவோ?"

"பத்து நிமிச நடை."

"இறங்கினனியோ?"

"ஓம்."

"எவ்வளவுக்கு?"

"கழுத்துவரைக்கும்."

அவள் என் கையில் அடித்தாள். பலமில்லாத அடி. "என்னையும் கேட்டிருக்கலாமேடி."

"உனக்குச் சுகமில்லாமல் இருந்ததக்கா..."

"ஜூனில நான் நடந்து திரிஞ்சனான். நாலு மாடி ஏறி இறங்கினனான். சந்தைக்குப் போய் மீன் பேரம் பேசினனான். தண்ணியை விடு, அது கிடக்கட்டும். நீ என்னை ஒருக்காக்கூடக் கேக்கேல்லை. நான் வந்திருப்பன்."

அவள் வருவாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஓடியது அவளிடமிருந்துதான் என்பதை அவள் ஒரு சொல்லில் கண்டுபிடித்துவிட்டாள். அதற்கு மன்னிப்பு எப்படிக் கேட்பது? நான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி. ஆஸ்பத்திரிக்குப் போன் அடி. மருந்து ஏத்துறதுக்கு ரொந்தெவூ எந்தத் தேதியில தருவினம் எண்டு கேள்," என்றாள்.

"மரி-லூயிஸ் அம்மாவுக்கு என்ன சொல்லுறது?"

"ஒண்டும் சொல்லாதை. அவவுக்கு மருந்து முடிஞ்சு சுகமாப் போட்டா. இப்ப போய் உது பைப்புத் தண்ணி எண்டால் திரும்பப் படுத்திடுவா." அவளே சிரித்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அத்தானுக்கு மட்டும் மூச்சுக் காட்டாதை. அந்த மனுசன் உந்தத் தண்ணியை நம்பித்தான் எழும்பி வேலைக்குப் போகுது. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன்.

புதுக் கீமோ ஒக்டோபரில் தொடங்கியது. அது அவளைக் கட்டிலில் விழுத்தியது. கடலுக்குப் போவோம், இரண்டு மணி நேர ரயிலில் தியெப் இருக்கிறது என்றேன். "உது குளிர்க் கடல்," என்றாள். பின்னேரங்களில் நோ வரும்போது கதவைச் சாத்தச் சொல்வாள். என் கையைப் பிடித்துக்கொண்டு தலையணைக்குள் முகத்தைப் புதைப்பாள். அத்தான் திரும்பும் நேரத்துக்கு முகம் கழுவித் துடைத்துவிடச் சொல்வாள்.

ஜனவரி கடைசியில் தமிழ்ச் சுவாமி வந்து தைலம் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்தார். பாவசங்கீர்த்தனம் கேட்பதற்காக எங்களை வெளியே போகச் சொன்னார். கதவுக்கு வெளியே நின்றபோது, எனக்காக அவள் அத்தானிடம் மறைப்பதையும் பாவம் என்று சொல்வாளோ என்று நினைத்தேன். என் பொய்யைச் சாகும்போதும் அவள்தான் சுமந்துகொண்டிருந்தாள். இரண்டு நாளில் போய்விட்டாள்.

அந்த மூன்று கிழமை பிந்தியதால்தானா என்று மருத்துவரிடம் கேட்டேன். "அது எதையும் மாற்றியிருக்காது என்று நினைக்கிறேன், மதாம்," என்றார். நல்ல மனிதர். நினைக்கிறேன் என்றுதான் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அடுத்த ஞாயிறு, அத்தானுக்குச் சமைத்துக் கொடுக்கப் போனேன். மேசையில் இரண்டு ரயில் டிக்கெட் அச்சடித்து வைத்திருந்தார்.

"மே மாதம் லூர்துக்கு. நீயும் நானும். அவளுக்கு அந்தக் கடைசி ஆறு மாதம் நோ இல்லாமல் இருந்ததுக்கு மாதாவுக்கு நன்றி சொல்லவேணும். நீ போய்க் கேட்டு வந்தனீ. நீதான் முன்னுக்கு நிக்கவேணும்."

கெபிக்கு முன்னால் அவருக்குப் பக்கத்தில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியாது என்று தெரிந்தது. சாக்குச் சொல்லியிருக்கலாம். வேலை, லீவு, கால் நோவு. ஜூனிலிருந்து சொன்ன பொய்யோடு இன்னொன்றைச் சேர்க்க மனம் வரவில்லை.

"அத்தான், நான் லூர்துக்குப் போகேல்லை. நீங்கள் ஸ்டேசனுக்கு வந்த அண்டைக்கு நான் பார்சிலோனாவில இருந்து வந்தனான். தண்ணி அங்கத்தைப் பைப்புத் தண்ணி."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீ வேர்த்து ஒழுக வந்தனீ. ரயிலில ஏசி வேலை செய்யேல்லையாக்கும் எண்டு நினைச்சன்."

"மெட்ரோவில ஓடி வந்தனான்."

"ம்." டிக்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "அவளுக்குத் தெரியுமோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லால் அக்காவுக்குச் செய்த சத்தியத்தில் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம். அத்தனை பொய் சொன்னவள், பொய் தேவைப்பட்ட இடத்தில் உண்மையைச் சொன்னேன்.

"ஓம். செப்டெம்பர் கடைசியில சொன்னனான்."

அவர் விரல்களை மடித்தார். ஒக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி.

"காலமையில நீ வேலையில நிப்பாய். நான்தான் மூடியில ஊத்திக் குடுக்கிறது. குறையக் குறைய நல்ல தண்ணி கலந்து வைப்பன். அவள் சிலுவை போட்டுக் குடிச்சிட்டு, 'இண்டைக்கு நோ குறைவப்பா' எண்டுவாள். ஒவ்வொரு நாளும் சொன்னவள். கடைசிக் கிழமையும் சொன்னவள்."

எனக்கு அது தெரியாது. காலைகளைப் பற்றி அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"அப்ப அவளுக்கு நொந்துகொண்டுதான் இருந்ததோ?"

சாத்திய கதவும், தலையணையும், என் கையில் பதிந்த அவளுடைய நகங்களும் எனக்குத் தெரியும்.

"தெரியாது அத்தான்," என்றேன். "எனக்குத் தெரியாது."